பூச்சி தந்த பொன்னிற ஒயின்

வெள்ளை ஒயினை இளசிலேயே குடித்துவிட வேண்டும் என்பார்கள். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் உள்ள ஹாரோ ஊர் அதை மறுக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலோக்செரா என்ற பூச்சி அழித்தது. சரக்குத் தேடி பிரெஞ்சு வணிகர்கள் ஹாரோவுக்கு வந்தார்கள். 1877இல் ரஃபாயேல் லோபெஸ் தே எரேதியா அங்கே தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் குடும்பத்திடமே இருக்கிறது.

அவர்களுடைய 'வீன்யா தொந்தோனியா' வெள்ளை ரிசர்வா சுமார் 6 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் கிடக்கிறது. மெல்லக் கசியும் காற்றால் நிறம் பொன்னாகிறது. பழவாசம் அடங்கி, வாதுமையும் தேன்மெழுகும் மணக்கின்றன. புளிப்பு மட்டும் தளர்வதில்லை; அதுதான் காவல்.

பின்னாளில் எஃகுத் தொட்டிகள் வந்தன; சில மாதங்களிலேயே விற்றுக் காசாக்கலாம். பலர் மாறினார்கள். இவர்களும் வட்டிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், இந்தச் சுவை இன்று ஏட்டில்தான் இருந்திருக்கும்.