மடித்தால் சேராது, சுற்றினால் சேரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நோட்டன் பிரிட்ஜ் பகுதிப் பாடசாலை ஒன்றில், எட்டாம் தரக் கணித வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்திருந்தேன். அன்றைய பாடம் சமச்சீர். காகிதத்தில் வெட்டிய இணைகரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்த ஆசிரியை, "இதற்குச் சமச்சீர் அச்சுகள் எத்தனை?" என்று கேட்டார். "இரண்டு" என்றனர் பிள்ளைகள். மூலைவிட்டத்தில் மடித்தார்கள், ஓரங்கள் பொருந்தவில்லை. குறுக்கே மடித்தும் பொருந்தவில்லை. பின்னர் அவ்வுருவைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடிட்டு, நடுவில் குண்டூசி குத்தி அரைச்சுற்றுத் திருப்பச் சொன்னார். அச்சொட்டாகப் பொருந்தியது. சமச்சீர் அச்சு ஒன்றுகூட இல்லை; ஆயினும் சுழற்சிச் சமச்சீர் உண்டு, வரிசை இரண்டு.

சதுரத்திற்கு அச்சும் நான்கு, சுழற்சி வரிசையும் நான்கு. அதனால் இரண்டும் ஒன்றே என்று பிள்ளைகள் எண்ணிவிடுவதுண்டு. அந்த மயக்கத்தை இணைகரம்தான் தீர்த்துவைக்கிறது. எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

அப்போது ஒரு சிறுமி, "டீச்சர், எங்க அம்மா போடுற சிக்குக் கோலத்தையும் மடிக்க ஏலாது" என்றாள்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களோடு கடல்கடந்து வந்து, லய வாசல்களில் நிலைத்த கலை அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணங்களாக ஆராய்ந்து எழுதினர். ஆனால் கோலம் போட்ட லயத்துப் பெண்களுக்கோ பள்ளிக்கூடமே எட்டாக்கனி. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களுக்குப் பிறகுதான். அதுவரை பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒன்றாக.

மின்சாரத்தின் கதையும் இதுவே. விமலசுரேந்திர 1918இல் எழுத்தில் முன்வைத்த நீர்மின் கனவு, 1950இல் லக்சபான மின்நிலையமாக நிறைவேறியது. அங்கே நீர் மோதிச் சுழலும் பெல்டன் சக்கரத்தைவிடச் சுழற்சிச் சமச்சீருக்கு நல்ல உதாரணம் வேண்டுமா? அந்தச் சக்கரம் சுழன்று பல ஆண்டுகள் கடந்த பின்னரும், அருகிலிருந்த லயங்கள் பலவற்றில் குப்பி விளக்குத்தான்.

ஆசிரியை அச்சிறுமியிடம் வெண்கட்டியைக் கொடுத்தார். புள்ளி வைத்து, கை எடுக்காமல் வளைத்து முடித்தாள். கால்சுற்றுக் காற்சுற்றாகத் தலையைச் சாய்த்துப் பார்த்து வகுப்பே எண்ணியது: வரிசை நான்கு, அச்சு இல்லை. கோலத்தை அழிக்காமலே ஆசிரியை பலகையின் மறுபாதியில் அடுத்த கணக்கை எழுதினார்.