தோட்டப் பாடசாலையும் நில உரிமையும்

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்போடு தொடங்கியது என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் பிற்காலத்தில் எழுந்த தமிழ்ப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவை. பாடசாலை அமைக்கும் கடமை யாருக்கு, செலவு யாருடையது, அது நிற்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒரே விடை அங்கு ஒருநாளும் இருந்ததில்லை.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டத்தில் பாடசாலை அமைக்கும் பொறுப்பை முதலாளியின் தலையிற் சுமத்தியது. பள்ளி வயதென்பது 7 முதல் 14 வரை. கல்வியைப் பற்றிய இந்த விதி கல்விச் சட்டத்தில் இடம்பெறாமல் தொழிலாளர் சட்டத்தில் இடம்பெற்றது கவனிக்கத் தக்கது. தோட்டத் தொழிலாளிக்கு லயமும் மருந்தும் கொடுப்பதுபோலப் பாடசாலையும் கொடுக்கவேண்டிய ஒரு வசதி என்றே சட்டமியற்றியோர் கருதினர். பிள்ளை கற்கவேண்டிய பொருளைப் பற்றிய அக்கறை அதிற் குறைவு. ஆகவே சட்டத்தை நிறைவேற்றும் அளவிற்கு ஒரு கொட்டகை எழுந்தால் போதுமென்றிருந்த துரைமார் பலர். ஆசிரியராக வந்தவர் தோட்டத்துக் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்ததும் உண்டு.

அரசாங்கம் இப்பள்ளிகளைத் தானே நடத்தவில்லை. மாணவர் வருகையையும் தேர்வு முடிவையும் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் வழங்கியது. பிள்ளை புல் பிடுங்கச் சென்றால் வருகை குறையும். வருகை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் ஆசிரியர்க்குச் செலவிட முதலாளிக்கு மனம் வராது. பிள்ளையின் உழைப்பை விரும்பிய அதே தோட்டத்திடமே அவனது வருகைக்குரிய பொறுப்பும் இருந்தது விந்தையே.

போருக்குப் பின் 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கில மொழிகளில் நடக்கும் தேசியப் பள்ளிகளை வேண்டியது. 1956-இன் ரசாக் அறிக்கையோ தமிழ்த் தொடக்கப் பள்ளியை நாட்டுக் கல்வி அமைப்புக்குள் ஏற்றுக்கொண்டது. 1957-இன் கல்விச் சட்டம் அதற்கு உருக் கொடுத்தது. பாடத்திட்டம் பொதுவாயிற்று; ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று; உதவி பெறும் பள்ளிக்கு மேலாளர் வாரியம் ஏற்பட்டது. ஆசிரியர் சமூகத்திற்கு இது பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலப் பட்டா மட்டும் தோட்டத்தின் பெயரிலேயே கிடந்தது.

அக்குறையின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளரே தோட்டம் வாங்கிக் காக்கவேண்டும் என்று 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும் இந்நெருக்கடியினாலேயே. அது காத்த தோட்டங்கள் சில. கைமாறிய தோட்டங்கள் பல. லயம் காலியானால் வகுப்பும் காலியாயிற்று. 1957-இல் ஏறத்தாழ 900 இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. சிறு பள்ளிகளை ஒன்றாக இணைத்ததும் இக்குறைவுக்கு ஒரு காரணம் என்பதை மறுக்கலாகாது.

நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருந்தால் பள்ளி முழு உதவி பெறும். தனியார் நிலத்தில் இருந்தால் பெரும்பாலும் பகுதி உதவியே. சம்பளமும் நடைமுறைச் செலவும் வரும், கட்டடத்துக்கு வாரியமும் பெற்றோரும் கையேந்தவேண்டும். தமிழ்ப் பள்ளிகளிற் பாதிக்கு மேற்பட்டவை இப்பிரிவில் உள்ளவை. தோட்டம் மறைந்தபின் உரிமத்தைக் கைவிடாமல் அருகிலுள்ள குடியிருப்புக்கு இடம்பெயர்ந்த பள்ளிகளும் உண்டு. அங்கே சுற்றிலும் கடைவீதி. ஒரு ரப்பர் மரமும் இராது. பெயர்ப்பலகையில் மட்டும் ‘லாடாங்’ என்ற சொல் இன்னும் இருக்கிறது.