வெள்ள நஷ்டம் யாருடையது?

வெள்ளத்திற்குப் பேதமில்லை, மாடியென்றும் குடிசையென்றும் அது பார்ப்பதில்லை என்று சொல்வது வழக்கம். நீரைப் பொறுத்தவரை இது மெய்யே. ஆனால் நீர் வடிந்த பின்னர் நஷ்டக் கணக்கு எழுதப்படுகிறதே, அதற்குப் பேதமுண்டு. யாருடைய நஷ்டம் ஏட்டில் ஏறிற்று, யாருடையது ஏறாமலே போயிற்று என்பதை ஒரு ஜில்லாவின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1926-ஆம் ஆண்டு டிசம்பரில் பகாங், கிளந்தான், பேராக் முதலிய இடங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பற்றி முதியோர் சொல்ல நம்மிற் பலர் கேட்டிருப்போம். அது நிகழ்ந்து நான்கு மாதங்கள் கழிவதற்குள், பூமியின் மறுபுறத்தில், அமெரிக்காவின் மிஸ்ஸிஸிப்பி ஆறு கரையை உடைத்தது. அவ்வாற்றின் பெயரையே கொண்ட மாநிலத்தில் வாஷிங்டன் என்றொரு ஜில்லா உண்டு. அதன் தலைமை ஊர் கிரீன்வில். வண்டல் படிந்த கரிய பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. நிலம் பெரும்பாலும் வெள்ளைத் துரைமாருடையது. உழைப்பு கறுப்பின மக்களுடையது. 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்தும், அம்மக்களிற் பெரும்பாலோர் அதே நிலங்களில் வாரக் குடிகளாகத் தங்கினர். விதையும் உணவும் கடனாகப் பெறுவது, அறுவடையானதும் துரை எழுதிய கணக்கின்படி கழிப்பது, மறு ஆண்டையும் கடனோடு தொடங்குவது, இதுவே அவர்கள் வாழ்வு. தோட்ட வாழ்வை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்துணைப் பெரிய ஆற்றின் அருகே மனிதர் குடியிருக்கத் துணிந்தது மண்கரையை நம்பியே. கரையை உயர்த்திக்கொண்டே போனால் போதும். மிகுநீரைப் பக்கத்தில் வழியவிட வாய்க்கால்களோ, மேற்பகுதியில் நீர்த்தேக்கங்களோ வேண்டுவதில்லை என்பது அந்நாளைய அரசாங்க எஞ்சினீர்களின் கொள்கை. ஆற்றை இருபுறமும் நெருக்க நெருக்க வெள்ளத்தின் உயரம் ஏறும் என்று சார்லஸ் எல்லெட் என்னும் எஞ்சினீர் 1852-லேயே எச்சரித்திருந்தார். அவ்வார்த்தை எடுபடவில்லை.

1927 ஏப்ரல் 21-ஆம் தேதி காலை, கிரீன்வில்லுக்கு வடக்கே மௌண்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில் கரை உடைந்தது. கட்டாயத்தின்பேரில் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர் மண்மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே அது உடைந்தது. அடித்துச் செல்லப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்கில்லை. மறுநாளுக்குள் கிரீன்வில் நகரம் நீரில் நின்றது. அவ்வாண்டின் வெள்ளம் மொத்தத்தில் சுமார் 27,000 சதுர மைல் நிலத்தை மூடிற்று. ஆறு லட்சத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கிரீன்வில்லில் உலர்ந்து நின்ற இடம் கரையின் முகடு ஒன்றே. அதன்மீது சுமார் 13,000 கறுப்பின மக்கள் ஒதுங்கினர். அவர்களை ஏற்றிச் செல்ல நீராவிப் படகுகள் வந்தன. உள்ளூர் நிவாரணக் கமிட்டியின் தலைவர் வில்லியம் அலெக்சாண்டர் பெர்ஸி அவர்களை வெளியேற்றவே முதலில் எண்ணினார். நிலக்காரர் தடுத்தனர். அவருடைய தந்தையும் முன்னாள் செனட்டருமான லீராய் பெர்ஸியும் நிலக்காரர் பக்கமே நின்றார். போனவர் திரும்பி வரார், பருத்தி வயலுக்கு ஆள் இராது என்பதே அவர்களுடைய அச்சம். படகுகள் அம்மக்களை ஏற்றாமலே திரும்பின.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் கொடிது. நிவாரணப் பொருள்களை இறக்கவும் கரையைச் செப்பனிடவும் கறுப்பின ஆடவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய காவற்படை முகாமைக் காத்தது. எந்தத் துரையின் ஆள், எங்கே வேலை என்பதைக் காட்டும் சீட்டை அணிந்தவர்க்கே உணவு. தேசத்தார் தானமாக அனுப்பிய பொருள் இவ்வாறு கூலியாக மாறிற்று. பத்திரிகைகளில் இச்செய்தி எழவே, நிவாரணத்திற்குப் பொறுப்பேற்றிருந்த வர்த்தக மந்திரி ஹெர்பர்ட் ஹூவர், டஸ்கெகீ கலாசாலைத் தலைவர் ராபர்ட் மோட்டன் தலைமையில் கறுப்பினத்தாரைக் கொண்ட விசாரணைக் குழுவொன்றை அமைத்தார். குழு கண்ட குறைகள் முழுவதும் வெளியிடப்படவில்லை. ஹூவர் 1928-இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

நிலமில்லாதார் கதி இவ்வாறாயின், சொந்தக் குடிசையும் தொழிலும் உடைய நாட்டுப்புறத்தார் கதி என்ன? ஆற்றின் கீழ்ப்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் பெருநகரம் உண்டு. அந்நகரைக் காக்கவேண்டி, 1927 ஏப்ரல் 29-ஆம் தேதி கார்னார்வன் என்னுமிடத்தில் கரைக்கு வெடி வைத்தனர். செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் என்னும் இரு நாட்டுப்புற ஜில்லாக்களின்மேல் ஆறு திருப்பப்பட்டது. முழு ஈடும் தருவோம் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் வாக்களித்தனர். வலை வீசியும் கண்ணி வைத்தும் பிழைத்த அம்மக்களுக்குப் பின்னர் கிடைத்தது சொற்பமே, பலருக்கு ஒன்றுமில்லை. மேற்பகுதியில் கரைகள் உடைந்துவிட்டமையால், அந்த வெடியே தேவையற்றதாயிருந்தது.

1928 மே 15-ஆம் தேதி வெள்ளத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. 32.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கரை மட்டும் போதாது, வழிவாய்க்கால்களும் வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் வெள்ளச் சேதத்திற்கு அரசாங்கம் எவ்வித ஈட்டுப் பொறுப்பும் ஏற்காது என்பதையும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறிற்று.

அரசாங்கம் பொறுப்பேற்காவிடில், இன்ஷூரன்ஸ் என்னும் காப்புறுதி உதவாதா எனக் கேட்கலாம். காப்புறுதியின் தத்துவம் எளிது. ஆயிரம் வீட்டார் சிறு தொகை கட்டுகின்றனர். அவ்வாண்டில் இரண்டொரு வீடு தீப்பற்றுகிறது. அனைவர் பணத்தாலும் அவ்விருவர் மீள்கின்றனர். தீ அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றுவதால் இது நடக்கும். வெள்ளமோ ஒரு ஜில்லா முழுவதையும் ஒரே இரவில் மூழ்கடிக்கும். மேலும், மேட்டில் இருப்பவன் பணம் கட்ட முன்வரான். பள்ளத்தில் இருப்பவனே வருவான். ஆகவே கட்டணம் ஏறும். ஏறினால் ஏழைக்கு எட்டாது. 1920-களில் சில தீக்காப்புக் கம்பெனிகள் வெள்ளத்திற்கும் பத்திரம் விற்றன. 1927, 1928 வெள்ளங்களைக் கண்ட பின் அவை கை கழுவிவிட்டன.

1956-இல் இதற்கென ஒரு சட்டம் பிறந்தது. பணம் ஒதுக்கப்படாமையால் ஏட்டளவில் நின்றது. 1965-இல் பெட்ஸி என்னும் புயல் லூயிஸியானாவைப் பாழாக்கிய பின்பே அரசாங்கம் ஆராய்ச்சியில் இறங்கிற்று. 1968-இல் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் ஏற்பட்டது. கம்பெனிகள் அஞ்சிய சுமையை அரசாங்கம் தாங்கும். அதற்கு ஈடாக, உள்ளூர் ஆட்சியினர் தாழ்ந்த நிலத்தில் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தவேண்டும். முதலில் சேர்ந்தவர் சிலரே. ஆகவே 1973-இல், அபாயப் பகுதியிலுள்ள கட்டடத்தின்மேல் வங்கிக் கடன் பெறுவோர் காப்புறுதி எடுத்தே தீரவேண்டும் என விதிக்கப்பட்டது. அபாயப் பகுதி என்பது ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கேனும் வெள்ள வாய்ப்புள்ள நிலம். இதனை நூற்றாண்டு வெள்ளம் என்று பெயரிட்டதால், நூறாண்டுக்கு ஒரு முறையே வரும் என்று பலர் மயங்குகின்றனர். முப்பது ஆண்டுக் கடன் தீருமுன், நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அது வர வாய்ப்புண்டு என்பதே உண்மைக் கணக்கு.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்திட்டம் யாரை வற்புறுத்திக் காக்கிறது என்று பாருங்கள். வீடுடையவனை, அதிலும் வங்கிக் கடன் பெற்றவனை. வாடகைக்கு இருப்பவன் தன் பொருள்களுக்குத் தனிப் பத்திரம் வாங்கலாம். அவனிடம் அதைச் சொல்லுவார்தாம் அரியர். நின்றுபோன வேலைக்கும் இழந்த கூலிக்கும் அதில் இடமே இல்லை. அரசாங்கம் ஒப்புக்கொண்ட கரைக்குப் பின்னால் வாழ்வோர்க்குக் கட்டாயமும் இல்லை. மௌண்ட்ஸ் லாண்டிங்கில் உடைந்ததும் எல்லோரும் நம்பிய கரையே அன்றோ!

வாசகர்களே! மலேசியாவிலும் சாதாரணத் தீக்காப்புப் பத்திரத்தில் வெள்ளம் தானாகச் சேர்வதில்லை. கேட்டு, கட்டணம் கொடுத்துச் சேர்க்கவேண்டும். கட்டடம் தோட்டத்தாருடையதாயிருக்கலாம், நகரத்து முதலாளியுடையதாயிருக்கலாம். அவருடைய பத்திரம் அவருடைய கட்டடத்தையே காக்கும். உள்ளே இருக்கும் கட்டில், தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்று ஆகியவை நம்முடையவை. அவற்றுக்குக் கணக்கு வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் வீட்டுப் பொருள்களுக்கு இன்றே ஒரு பட்டியல் எழுதி வைக்கட்டும். வெள்ளப் பத்திரத்தைப் பற்றிப் பலர் சேர்ந்து ஒன்றாய் விசாரிக்கட்டும். தலைவிதி என்று தலையிலடித்துக்கொள்வது பின்னால் யாருக்கும் எளிது. கிரீன்வில் கரைமேல் நின்ற பதின்மூவாயிரம் பேரையும் அங்கே நிறுத்தி வைத்தது விதியன்று.