இட்லி யார் வீட்டுது? - கே.டி. அச்சயா நினைவாக

போன வாரம் மகளுக்குப் பள்ளியில் 'எங்கள் வீட்டு உணவு' என்று ஒரு பக்கம் எழுதும் வேலை. "இட்லியைத் தமிழர்கள் 2000 வருஷமாகச் சாப்பிடுகிறார்கள்" என்று எழுதி வைத்திருந்தாள். யாரும்மா சொன்னது என்றால், "நீங்கதாம்ப்பா!" வசமாக மாட்டிக்கொண்டேன் :-)

உடனே நினைவுக்கு வந்தவர் கே.டி. அச்சயா. 1923-ல் கொள்ளேகாலில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டம். 1956-ல்தான் மைசூரோடு சேர்ந்தது. தொழிலில் எண்ணெய் வித்துக்களை ஆராய்ந்த வேதியியல்காரர். பிற்காலத்தில் பெங்களூரில் இருந்துகொண்டு நம் சாப்பாட்டின் சரித்திரத்தைத் தோண்டினார். 'இந்தியன் ஃபுட்: எ ஹிஸ்டாரிகல் கம்பானியன்' 1994-ல் வந்தது. 2002-ல் மறைந்தார். நான் பெங்களூரில் வேலை பார்த்த நாளில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி, கடல் தாண்டி என்னோடு வந்திருக்கிறது.

இட்லி பற்றி அவர் சொல்வது நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். முதல் குறிப்பு தமிழில் இல்லை. சுமார் 920-ல் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில், 'இட்டலிகே' என்று. 1130 வாக்கில் 'மானசோல்லாசா'விலும் வருகிறது. ஆனால் அதெல்லாம் வெறும் உளுந்துப் பண்டம். அரிசி இல்லை, மாவைப் புளிக்கவைப்பது இல்லை, ஆவியில் வேகவைப்பதும் இல்லை. இந்த மூன்றும் இந்தோனேசியாவிலிருந்து அரசர்களோடு வந்த சமையல்காரர்கள் வழியாக வந்திருக்கலாம் என்பது அச்சயாவின் ஊகம். ஊகம்தான். பானை வாயில் துணி கட்டினாலே ஆவி பிடிக்கலாமே என்று மறுப்பவர்களும் உண்டு.

சாம்பாரில் போடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் மிளகாய் நமக்குத் தெரியும். இத்தாலிக்காரர்களுக்கும் தக்காளி அப்படி வந்ததுதான். தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை இன்று யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?

அச்சயாவிடம் நான் கற்றது இதுதான். ஒரு பண்டம் நம்முடையது என்று சொல்ல, அது நம் ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எத்தனை தலைமுறையாக அதற்கு மாவாட்டினோம் என்பதும் கணக்குத்தான்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 2000 வருஷத்தை அடித்தாள். "இட்லி பல ஊர் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது, எங்களை மாதிரியே" என்று எழுதினாள்.

எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்கு இட்லிக்கு இன்னும் உளுந்து ஊறப்போடவில்லை, வருகிறேன்.