ஏரிக்கரையும் பொதுவுரிமையும்: சிகாகோவின் ஓர் அடுக்குமாடி வரலாறு

ஒரு நகரின் வரலாற்றை அதன் கட்டடங்களைக்கொண்டு எழுதுதலே பெருவழக்கு. அந்நகர் கட்டாது விட்ட வெளியும் வரலாற்றுச் சான்றே ஆகும். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் ஏரிக்கரையில் இவ்விரு சான்றுகளும் அடுத்தடுத்து உள்ளன. அவற்றிடையே அமைந்த தொடர்பினை ஈண்டு ஆராய்வோம்.

1836ஆம் ஆண்டில் கால்வாய் ஆணையர் வகுத்த நிலப்படத்தில், மிச்சிகன் ஏரியை ஒட்டிய ஒரு பகுதி கட்டடமும் தடையுமின்றி என்றும் பொதுவெளியாக இருத்தல் வேண்டும் என்று குறிக்கப்பட்டது. 1871இல் நிகழ்ந்த பெருந்தீயின் இடிபாடுகளை ஏரியில் கொட்டியமையால் கரை விரிந்தது; விரிந்த நிலத்தில் கட்டடம் எழுப்பும் வேட்கையும் வளர்ந்தது. அஞ்சல்வழி வணிகரான ஆரன் மான்ட்கோமரி வார்டு 1890 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடி, அக்குறிப்பின் வன்மையை மாநில உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். இன்றைய கிராண்டு பூங்கா அம்முயற்சியால் காக்கப்பெற்றது.

ஆயினும், அக்குறிப்பு ஆற்றின் தென்புறத்து நிலத்தையே தழுவியது. வடபுறத்தில், நேவி பியர் என்னும் துறைமேடைக்கு அருகே, 1968இல் லேக் பாயிண்டு டவர் எழுந்தது. 70 மாடிகளும் 645 அடி உயரமும் உடைய அக்கட்டடத்தை வகுத்தவர்கள் ஜான் ஹைன்ரிக், ஜார்ஜ் ஷிப்போரைட் என்னும் இருவர். அவர்தம் ஆசிரியரான மீஸ் வான் டெர் ரோ, வளைந்த சுவருடைய கண்ணாடி மாளிகை ஒன்றனை 1922இல் ஜெர்மனியில் வடிவமைத்தார், அது கட்டப்படவில்லை. ஆசிரியர் வரைவு மாணவர் கையில் புதுவடிவுற்றது எனலாம்.

அதன் அமைப்புக் கருதத்தக்கது. நடுவே முக்கோண வடிவில் கான்கிரீட்டுக் கருப்பகுதி நிற்கிறது. மின்தூக்கிகள் அதனுள் இயங்குகின்றன. ஏரிக்காற்றின் விசையையும் அதுவே தாங்குகிறது. அதனின்று மூன்று சிறகுகள் 120 பாகைக் கோணத்தில் பிரிகின்றன. சுவர்கள் வளைந்தமையால், ஒரு வீட்டார் சாளரத்திலிருந்து மற்றொரு வீட்டினுள் நோக்க இயலாது, ஏரியை நோக்கலாம். கீழ்த்தளக் கட்டடத்தின் மேல் நிலவெளிக் கலைஞர் ஆல்பிரடு கால்டுவெல் அமைத்த, ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்ப் பூங்கா உள்ளது. அஃது உறைவோர்க்கே உரியது.

தொடக்கத்தில் வாடகைக் குடியிருப்பாக இருந்த இக்கட்டடம், 1988இல் தனித்தனி உரிமை வீடுகளாக மாற்றப்பட்டது. இம்முறையைக் குறிக்கும் காண்டொமினியம் என்னும் இலத்தீன் வழிச் சொல், கூட்டுரிமை எனப் பொருள்படும். வீடு ஒருவர்க்கே உரியது. நிலமும் தூணும் மின்தூக்கியும் பூங்காவும் பிரிக்கப்படாத பங்காக அனைவர்க்கும் உரியன. எனவே, இங்கும் ‘பொது’ உண்டு. ஆனால் அப்பொதுவின் எல்லை வாயிற்கதவோடு முடிகிறது. 1836இல் குறித்த பொதுவோ ஊரார் அனைவரையும் தழுவியது. கூட்டுரிமையும் பொதுவுரிமையும் ஒன்றல்ல என்பது இவ்விரண்டையும் ஒப்பிடுவார்க்கு விளங்கும்.

1973இல் நகரவை ஏரிக்கரைக் காப்புச் சட்டத்தை இயற்றியது. லேக் ஷோர் பெருஞ்சாலையின் கிழக்கே தனியார் கட்டுமானம் மேலும் பரவுதலைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இக்கட்டடம் ஒன்றே அதற்குக் காரணம் எனல் மிகையாகும். எனினும், தடையில்லாவிடின் கரை எவ்வாறு மாறும் என்பதனைச் சாலையின் கிழக்கே தனித்து நின்ற அக்கட்டடமே நகரத்தார்க்குக் கண்கூடாகக் காட்டியது.

கட்டடக் கலையில் அது வெற்றியே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவ்வெற்றி கரைநெடுகப் பெருகியிருப்பின், ஏரியைக் காணும் உரிமை விலை கொடுத்தார்க்கே எய்தியிருக்கும். அழகிய கட்டடமாயினும் அது நிற்கும் இடம் யாருடையது என்னும் வினாவையும் வரலாற்று மாணவர் எழுப்புதல் வேண்டும்.