கிரேட்ஃபுல் டெட்: தலைமுறைகள் கைமாற்றிய புகழ்

கிரேட்ஃபுல் டெட், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1965இல் தொடங்கி 1995 வரை இயங்கிய ராக் இசைக்குழு. முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் நடத்திய இக்குழுவுக்கு, பில்போர்டு பாட்டு வரிசையில் முதல் பத்துக்குள் இடம்பிடித்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அப்படியிருந்தும் தாத்தா, மகள், பேரன் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை ரசிகர்களைக் கொண்ட குழு இதைப்போல் இன்னொன்றைச் சொல்வது கடினம். ரசிகர்களுக்கு ‘டெட்ஹெட்’ என்று பெயர். ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. முன்னால் வந்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் இடையே உரசலும் இருந்தது. இவ்வளவு காலம் இந்தக் கூட்டம் கலையாமல் இருக்க முதல் காரணம், குழு தன் கச்சேரிகளை ரசிகர்களே பதிவுசெய்துகொள்ளவும் பகிர்ந்துகொள்ளவும் விட்டதுதான். குழுவைக் கிட்டத்தட்ட மூழ்கடித்தது எது என்று பார்த்தால், அது புகழ் குறைந்த காலமல்ல, உச்சத்துக்குப் போன காலம்.

தோற்றமும் முதல் ரசிகர்களும்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்டோ வட்டாரத்தில், ‘வார்லாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு பீட்சா கடையில் வாசிக்கத் தொடங்கிய குழு, 1965 இறுதிக்குள் பெயரை மாற்றிக்கொண்டது. அப்போது இருந்தவர்கள் ஐவர்: ஜெர்ரி கார்சியா, பாப் வீர் (இருவரும் கித்தார், பாட்டு), ஃபில் லெஷ் (பேஸ் கித்தார்), பில் கிராய்ட்ஸ்மன் (டிரம்ஸ்), ‘பிக்பென்’ என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன் (ஆர்கன், ஹார்மோனிகா). 1967இல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்தார். கார்சியாவின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ராபர்ட் ஹன்டர். தபேலா மேதை அல்லா ரக்காவின் தாளக் கணக்குகளில் மனம் பறிகொடுத்த ஹார்ட், பின்னாளில் அவர் மகன் ஜாகிர் உசேனுடன் சேர்ந்து பணியாற்றினார். ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் கடம் வாசித்தவர் விக்கு விநாயகராம். உலக இசைக்கான முதல் கிராமி விருது அந்த ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது.

முதல் ரசிகர்களுக்கு இவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். ஹிப்பி இயக்கத்தின் மையமான சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரியில், ஆஷ்பரி தெரு 710ஆம் எண் வீட்டில் கூட்டாகக் குடியிருந்தார்கள். பக்கத்துப் பூங்காவில் காசு வாங்காமல் வாசித்தார்கள். 1970இல் வெளியான ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ ஆகிய இரு ஆல்பங்களும் நாட்டுப்புறச் சாயலுள்ள எளிய பாட்டுகளால் கல்லூரி மாணவர்களை இழுத்தன. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தின் உறைக்குள், ரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பும்படி ஒரு குறிப்பு இருந்தது. குவிந்த கடிதங்களை வைத்துக் குழு முகவரிப் பட்டியல் தயாரித்து, ரசிகர்களுக்குச் செய்திமடல் அனுப்பத் தொடங்கியது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ரசிகர்கள் ஒரு கூட்டமாகத் தங்களை உணர்ந்தது இதற்குப் பிறகுதான்.

கேசட் தலைமுறை

குழுவின் கச்சேரி ஒருநாள் போல் மறுநாள் இராது. மனோதர்மத்துக்கே முதலிடம். பாட்டு வரிசையை முன்கூட்டி முடிவு செய்வதில்லை; இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு இடைவெளியே இல்லாமல் இன்னொன்றுக்குள் இறங்கும்; நடுவே டிரம்ஸ் கலைஞர்கள் இருவரும் தனி ஆவர்த்தனம் செய்வார்கள். ஆகவே நேற்றைய கச்சேரியைக் கேட்டவருக்கும் இன்றைய கச்சேரி தேவைப்பட்டது. குழுவின் பின்னாலேயே ஊர் ஊராகப் போகும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது. அரங்கின் பார்க்கிங் திடலில் சாயச் சட்டையும் வறுத்த சீஸ் சாண்ட்விச்சும் விற்று, அடுத்த ஊருக்கான பெட்ரோல் காசைத் தேற்றியவர்கள் பலர்.

கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்வது அன்றைய ராக் குழுக்கள் எல்லாவற்றுக்குமே தலைவலி. டெட் குழுவின் மேடைப் பணியாளர்களும் தொடக்கத்தில் ரசிகர்களின் மைக் ஒயரை அறுத்ததுண்டு. போகப் போகக் குழு கண்டும் காணாமல் விட்டது. மைக் கம்பங்கள் பின்னால் இருப்பவர்களுக்கு மேடையை மறைக்கின்றன என்ற புகார் பெருகியபோதுகூடத் தடை போடவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரி முதல், பதிவுசெய்வோருக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி, தனி டிக்கெட்டும் விற்றது.

பதிவாளரின் இரவு உழைப்பு மிகுந்தது. உயரமான கம்பத்தின் உச்சியில் மைக்குகளைப் பொருத்திக் கூட்டத்தின் தலைக்கு மேலே நிறுத்துவார். 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம்தான். இசையோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நாடா எந்த இடத்தில் தீரும், எப்போது திருப்பிப் போட்டால் குறைவாக இழப்போம் என்று கணக்குப் போட்டபடியே கேட்க வேண்டும். வீடு திரும்பியதும் உறை அட்டையில் ஊர், அரங்கு, தேதி, பாட்டு வரிசை எல்லாவற்றையும் பொடி எழுத்தில் நிரப்புவார். ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போயிருந்தால் இரண்டு பெயருக்கும் நடுவே அம்புக்குறி போடுவார். கேசட்டைக் காசுக்கு விற்பது இந்த வட்டாரத்தில் பெரும் பாவம். வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் நகல் வந்து சேரும். இந்தப் பரிமாற்றத்துக்கான செய்தி இதழாகவே 1974இல் ‘ரெலிக்ஸ்’ பத்திரிகை பிறந்தது.

தலைமுறைகளுக்கு இடையே பாலம் போட்டது இந்தக் கேசட்தான். 1980களில் கல்லூரி விடுதிக்கு வந்த பையன், தான் குழந்தையாக இருந்தபோது நடந்த கச்சேரியை மூத்த மாணவரிடமிருந்து வாங்கிக் கேட்டான். பழையது, புதியது என்ற வேறுபாடு அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆண்டுகளை ஒப்பிட்டு, 1972 உயர்ந்ததா 1977 உயர்ந்ததா என்று வாதிடக் கற்றுக்கொண்டான். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரிக்குக் கிடைத்த பெயர் இதற்குச் சான்று. அந்த இரவு அரங்கில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த துல்லியமான பதிவு, நகலுக்கு நகலாகப் பரவிப் பல மடங்கு மக்களைச் சென்றடைந்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. குழுவின் முறையான வெளியீடாக அது வந்ததோ 2017இல்தான்.

1983 முதல் குழு தானே தபால்வழி டிக்கெட் விற்றது. இன்ன அளவு அட்டையில் விவரம், அதனுடன் மணியார்டர், இன்ன தேதி முத்திரை என்று விதிகள் கறாராக இருந்தன. தங்கள் உறை கவனம் பெற வேண்டும் என்று ரசிகர்கள் அதன்மேல் மண்டையோடு, ரோஜா, நடனமாடும் கரடி என்று வண்ண வண்ணமாக வரைந்து அனுப்பினார்கள். இன்று அந்த உறைகளில் பல, குழுவின் ஆவணங்களோடு சான்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1987: உச்சம், நெரிசல்

1986 ஜூலையில் சர்க்கரை நோயால் கார்சியா நினைவிழந்தார். பிழைத்து எழுந்தவர் கித்தார் வாசிப்பைப் பல வாரம் மறுபடி பழக வேண்டியிருந்தது. டிசம்பரில் ஓக்லண்ட் மேடைக்குத் திரும்பிய இரவு அவர் முதலில் பாடியது, 1982 முதலே கச்சேரிகளில் இருந்துவந்த ‘டச் ஆஃப் கிரே’. நரை கண்டும் பிழைத்திருப்பதைப் பாடும் அந்தப் பாட்டு, 1987இல் ‘இன் தி டார்க்’ ஆல்பத்தில் வெளியாகி பாட்டு வரிசையில் 9ஆம் இடத்தையும், ஆல்பம் 6ஆம் இடத்தையும் எட்டின. எலும்புக்கூட்டு பொம்மைகள் வாசிக்கும் வீடியோ எம்டிவியில் ஓயாமல் ஓடியது. நடுவயதுக் கலைஞர்களுக்குப் பதினாறு வயது ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தார்கள்.

மூத்தவர்கள் இவர்களை அந்தப் பாட்டின் பெயரைச் சேர்த்து ‘டச்ஹெட்’ என்று இளக்காரமாக அழைத்தார்கள். இந்த ஏளனத்தில் பாதி நியாயமில்லை: புதிதாக வருபவரை உட்காரவைத்துக் கேசட் போட்டுக் காட்டுவதே அதுவரை இருந்த மரபு. ஆனால் ஒருவர் ஒருவராகச் சேர்ந்தபோது அது முடிந்தது. கும்பலாக வந்தபோது சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. டிக்கெட் இல்லாதவர்களும் பார்க்கிங் திருவிழாவுக்காகவே வந்து குவிந்தார்கள். பல நகரங்கள் குழுவுக்கு அரங்கு தர மறுத்தன. 1989இல் குழுவே, திடலில் தங்குவதையும் கடை போடுவதையும் நிறுத்தும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் அரங்கில், கூட்டத்தைத் தவிர்க்க ‘முன்னாள் வார்லாக்ஸ்’ என்ற பெயரில் இரண்டு இரவு வாசித்தார்கள். அங்கே, ஐந்து ஆண்டுகளாகத் தொடாத ‘டார்க் ஸ்டார்’ பாட்டை எடுத்தபோது எழுந்த ஆரவாரத்தை அந்த இரவின் பதிவில் இன்றும் கேட்கலாம்.

போதையை விட்டுவிட்ட ரசிகர்கள் ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற பெயரில் மஞ்சள் பலூன்களுக்குக் கீழே இடைவேளையில் கூடி ஒருவருக்கொருவர் தெம்பூட்டிக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். கூட்டத்துக்குள் தானாக முளைத்த நல்ல ஏற்பாடுகளில் இது தலையாயது. அதற்கு நேர்மாறான காட்சி 1995 ஜூலை 2 அன்று இந்தியானா மாநிலத்தின் டியர் கிரீக் அரங்கில் அரங்கேறியது. டிக்கெட் இல்லாத கும்பல் வேலியைச் சாய்த்து உள்ளே புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்தானது. இப்படியே போனால் பயணத்தையே நிறுத்த நேரிடும் என்று குழு ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது. ஒரு வாரம் கழித்து சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நடந்ததே கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று 53 வயதில் கார்சியா இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கலைந்தது.

கார்சியா இல்லாத ரசிகர்கள்

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். இளைஞர்களில் ஒரு பகுதி, வெர்மான்ட்டிலிருந்து வந்த ஃபிஷ் குழுவின் பின்னால் போனது. மற்றவர்களைப் பிடித்து வைத்தது பதிவுகளின் கிடங்கு. கிடங்குப் பொறுப்பாளர் டிக் லட்வாலாவின் பெயரில் 1993இல் தொடங்கிய ‘டிக்ஸ் பிக்ஸ்’ தொடர், பழைய கச்சேரிகளை வெளியிட்டது. 2012 முதல் டேவிட் லெமியூ தேர்வில் வரும் ‘டேவ்ஸ் பிக்ஸ்’ அந்த வேலையைத் தொடர்கிறது. 1997இல் சிகாகோவில் தோன்றிய டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா, டெட் குழுவின் ஏதேனும் ஒரு நாள் கச்சேரியை அதே பாட்டு வரிசையோடு மேடையேற்றுகிறது. மூலக் குழுவைவிட அதிகக் கச்சேரிகளை இவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். கார்சியாவை நேரில் காணாதவர்களுக்கு இவர்களே முதல் அறிமுகம்.

2005இல் ஒரு பொது மின்னூலகத்தில் இருந்த பதிவுகளை இலவசமாகத் தரவிறக்குவதற்குக் குழுவின் தரப்பு தடை போட்டபோது, ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே பார்வையாளர் எடுத்த பதிவுகள் திரும்ப வந்தன. ஒலிப்பலகையிலிருந்து எடுத்தவற்றைக் கேட்க மட்டும் முடிந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அந்த மின்னூலகத்தில் இருந்ததில் பெரும்பகுதி ரசிகர்கள் கம்பம் தூக்கிச் சேர்த்தது.

2015 முதல்

ஐம்பதாம் ஆண்டையொட்டி, எஞ்சிய வீர், லெஷ், கிராய்ட்ஸ்மன், ஹார்ட் நால்வரும் ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோவை கார்சியாவின் இடத்தில் வைத்து, சான்டா கிளாராவிலும் சோல்ஜர் ஃபீல்டிலுமாக ஐந்து கச்சேரிகள் செய்தார்கள். தபால்வழி டிக்கெட்டுக்கு மறுபடியும் ஓவிய உறைகள் மலைபோல் குவிந்தன. அதே ஆண்டு வீர், ஹார்ட், கிராய்ட்ஸ்மன் மூவரும் பாப் பாடகர் ஜான் மேயருடன் ‘டெட் அண்ட் கம்பெனி’யைத் தொடங்கினார்கள். மேயர் பிறந்தது கார்னெல் கச்சேரி நடந்த அதே 1977இல்; 2011இல் ‘அல்தியா’ பாட்டைத் தற்செயலாகக் கேட்டுத்தான் அவர் ரசிகரானார். மூத்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மேயரின் ரசிகைகள் வந்தார்கள், கூடவே அவர்கள் தோழிகள், பிறகு தம்பி தங்கைகள். தாளம் பழைய வேகத்தில் இல்லை என்ற குறை கடைசி வரை ஓயவில்லை. ஆனால் மேயரின் கித்தாருக்கு மூத்த ரசிகர்களும் மெல்ல மெல்ல எழுந்து ஆடினார்கள்.

2023 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தக் குழுவின் பயணங்கள் முடிந்தன. 2024இல் லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் 30 கச்சேரிகள் நடந்தன. மாபெரும் திரையும் அதற்கேற்ற டிக்கெட் விலையும் கொண்ட இந்த ஏற்பாட்டில், குழுவின் பின்னால் ஊர் சுற்றும் பழைய வாழ்க்கைக்கு இடமில்லை; ரசிகர்தான் ஒரே ஊருக்கு வர வேண்டும். சாண்ட்விச் விற்றுப் பிழைக்கும் இளைஞருக்கு இது எட்டாத விலை என்ற மூத்தவர்களின் வருத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2024 அக்டோபரில் ஃபில் லெஷ் 84 வயதில் இறந்தார். 2025 ஆகஸ்டில், அறுபதாம் ஆண்டைக் கொண்டாட கோல்டன் கேட் பூங்காவில் டெட் அண்ட் கம்பெனி மூன்று நாள் வாசித்தது.

2024 பிப்ரவரியில், டேவ்ஸ் பிக்ஸ் வரிசையின் 49ஆம் தொகுப்போடு, பில்போர்டு ஆல்பப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் 59 ஆல்பங்களை ஏற்றிய ஒரே குழுவானது கிரேட்ஃபுல் டெட். ஃபிராங்க் சினாட்ராவும் எல்விஸ் பிரெஸ்லியும் அதுவரை வகித்த முதலிடம் அது. அந்த 59இல் பெரும்பான்மை, குழு கலைந்த பிறகு கிடங்கிலிருந்து எடுத்து வெளியிட்ட பழைய கச்சேரிகள்.