தீவகமும் நெல் மானியமும்

இலங்கை அரசு கமக்காரருக்கு அளித்துவந்த உதவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொலன்னறுவை, அம்பாறை போன்ற நீர்ப்பாசனப் பிரதேசங்களையே மனத்திற் கொண்டு எழுதுவர். யாழ்ப்பாணத் தீவகத்தில் நின்று நோக்குவோமாயின் அவ்வரலாறு வேறு விதமாகத் தோன்றும். மானியம் நெல்லையும் நிலப்பரப்பையும் அளவுகோலாகக் கொண்டது. தீவகத்தாரிடம் இவ்விரண்டும் குறைவு.

வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு முதலியவற்றில் ஆறில்லை; பெருங்குளமில்லை. சுண்ணக்கல்லின்மேல் ஆழமற்ற மண். கிணறுகள் பலவற்றில் உவர்நீர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விதைப்பர். பனை, கால்நடை, கடல், சிலவிடங்களிற் புகையிலை என்பனவே ஏனைய சீவனோபாயங்கள். தென்னிலங்கையிற் கடை வைத்திருந்தோர் அனுப்பிய பணம் தாங்கிய குடும்பங்களும் பல.

1948 ஆம் ஆண்டில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. 1950களில் அரசு புசலுக்கு 12 ரூபா கொடுத்தது. ஆனால் விலையுதவி நெல்லை விற்பவருக்கன்றோ பயன்தரும்! வீட்டுத் தேவைக்கே போதாத நெல்லை விளைவித்தவர் சங்கக்கடையில் அரிசி வாங்க நின்றவராவர். தீவகத்தாருக்குக் கூப்பன் அரிசியே மெய்யான மானியமாயிருந்தது எனலாம். 1979 இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை திறைசேரி பணம் எதுவும் வழங்காமலே யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குக் கிடைத்த பேருதவியாகும். நன்னீர்க் கிணறு உள்ளவரே அதன் பயனைப் பெற்றனர். உவர்நீர்க் கிணற்றுக்காரர் பார்த்திருந்தனர். 1977இன் பின் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டதும் அவ்வாதாயமும் சரிந்தது.

பசளை மானியம் 1962 இல் தொடங்கி, 1990 இல் நிறுத்தப்பட்டு, 1994 இல் மீண்டும் அளிக்கப்பட்டது. இவ்வாண்டுகளைத் தீவகத்தின் ஆண்டுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். 1990 ஆகஸ்டில் நடந்த இராணுவ நடவடிக்கையோடு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மானியம் திரும்பி வந்தபோது வயல்கள் பல உழுவாரின்றிக் கிடந்தன. 2005 இல் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டதும் நெல்லுக்கே.

2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு வழங்கப்பட்டது. ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா, இரண்டு ஹெக்டேயர் வரை. அம்முறை நிலைக்கவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியே தடுக்கப்பட்டு, அவ்வாண்டிறுதியிலேயே தடை கைவிடப்பட்டது. 2024 காலபோகத்துக்குக் காசுதவி ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்ந்தது.

இத்தொகையை நம்மவர் அளவையில் எண்ணிப் பார்ப்போம். உறுதிகளில் நிலம் பரப்பாகவே எழுதப்படும். நெற்பரப்பு 24 கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஹெக்டேயர் ஏறத்தாழ 59 பரப்பு. ஒரு பரப்புக்கு 420 ரூபா அளவிலேயே வரும். பத்துப் பரப்பு விதைப்பவருக்கு 4,200 ரூபா. நெடுந்தீவார் பசளை மூடையைக் குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றி இறக்கும் கூலியும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். மழை பிழைத்தால் மீதி எதுவுமில்லை.

அத்தொகைக்கும் கமநல சேவை நிலையத்தின் பதிவிற் பெயர் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாயக் காணிகளுக்கான பதிவேட்டை ஏற்படுத்தியது. ஆனால் உறுதியிற் பெயருள்ளவர்களிற் பலர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். அவர்களது வயலைத் தொலைபேசியிற் பெற்ற வாய்ச்சொல்லை நம்பி விதைக்கும் அயலவரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடிதமும் இல்லை.